தட்டில் வைத்த மரவில்லை

அந்தப் பங்களாவில் வேலை கிடைத்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன்பு பதினேழு வருடம் போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் ஒரு லாட்ஜைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு அறைகள், ஒரே ஒரு மாடிப்படி, எப்போதும் மீன் வாசனை. கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள், மாயாபந்தரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், ஆபீஸ் ஆபீஸாக அலைய வந்தவர்கள் என்று எல்லோரும் அங்கேதான் தங்குவார்கள். கடல் கொந்தளித்து மெயின்லாந்து கப்பல் நின்றுபோனால் ஒரே அறையில் ஆறு பேர் படுப்பார்கள். வெயில் மாதங்களில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அப்போது ஆளுக்கு இரண்டு வாளி என்று நானே நின்று ஊற்றுவேன். அரசாங்க அதிகாரிக்கும் இரண்டு வாளிதான், படகில் வலை இழுக்கிறவருக்கும் இரண்டு வாளிதான். ஒருமுறை ஒரு அதிகாரி மூன்றாவது வாளிக்குச் சண்டை போட்டார். குளித்த தண்ணீரிலேயே துணியை அலசிக்கொள்ளுங்கள் என்றேன். முறைத்தார். ஆனால் அடுத்த முறை ஊருக்கு வந்தபோதும் என் லாட்ஜில்தான் தங்கினார்.

கட்டடத்துக்காரர் இடத்தை விற்றதும் லாட்ஜ் மூடப்பட்டது. அப்போதுதான் பங்களாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அது மேட்டின் மேல் இருக்கும் பழைய மரவீடு. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. படாக் மரத் தரை நூறு வருடம் ஆகியும் சிவப்பு மாறாமல் இருந்தது. வராந்தாவில் நின்றால் கீழே சாத்தம் பாலமும், பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியும் தெரியும். அதைக் குத்தகைக்கு எடுத்தவர் சென்னைக்காரர். நாற்பது வயதுகூட இருக்காது. மரியாதையானவர்தான். முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிட்டார். மற்றவர்களுக்கு, அவர்கள் பேச்சில், நான் தீதி. அறைகளைக் கவனிப்பது, துணிமணி, வேலைக்காரர்களின் சீருடை, ஸ்டோர் சாவி எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்தோம். சமையல்காரர் மாயாபந்தர் பக்கத்துப் பெங்காலி. பரிமாறுகிறவர்களில் மூத்தவர் ராஞ்சிக்காரர். அவருடைய முன்னோர்கள் காடு வெட்டுவதற்காக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். வயதில் எனக்கு இளையவர், நடையில் எனக்கு மூத்தவர். ஒரு தம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்.

முதலாளிக்கு ஒரு யோசனை இருந்தது. தீவில் இப்போது ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையைக் காட்டி ஆள் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். நாம் வேறு ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு துரை ஸ்டீமரில் வந்து இறங்கி இந்த வீட்டுக்கு வந்திருந்தால் எப்படி உபசரித்திருப்பார்களோ, அச்சு அசலாக அதே உபசரிப்பு. பிரம்பு நாற்காலி, வெள்ளை மேஜைவிரிப்பு, சூப், கட்லெட், கஸ்டர்ட். இதற்காக மெயின்லாந்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். அலங்காரமெல்லாம் அவள் பொறுப்பு. அவள் ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினாள். வராந்தாவில் நான்கு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். வெள்ளை உடை, தலைப்பாகை, வெறுங்கால்.

"இந்த மூணு பேர் மாதிரிதான் நம்ம ஆளுங்க இருக்கணும்" என்றார் முதலாளி.

பயிற்சி ஆரம்பமானது. விருந்தாளி கையில் ஒரு பித்தளை மணி இருக்கும். அவர் மணி அடித்ததும் ஓட வேண்டும். முகத்தைப் பார்க்காமல் மார்புக்கு நேராகப் பார்க்க வேண்டும். 'ஹுஸூர்' என்று சொல்ல வேண்டும். பரிமாறியபின் திரும்பி நடக்காமல் நான்கு அடி பின்னாலேயே நடக்க வேண்டும். சமையல்காரர் ஒதுக்குப்புறமாக வந்து, நாடகக் கம்பெனியிலா வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வெறுங்கால் விஷயத்தில் மட்டும் முதலில் வாயைத் திறந்தேன். கொதிக்கும் சூப்பைத் தூக்கிக்கொண்டு மெழுகு போட்ட மரத்தரையில் வெறுங்காலோடு நடந்தால் வழுக்கும், சிராய் குத்தும் என்றேன். படத்தில் யாரும் செருப்புப் போடவில்லையே அக்கா என்று சொல்லி அதோடு முடித்துவிட்டார். தலைப்பாகைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பேருக்கும் நானே அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு என்னை வீராங்கனையாகக் காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. முதல் மூன்று வாரம் நான் சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு பெட்டி வந்தது. ஜங்லிகாட்டில் ஒரு மரப்பட்டறையில் சொல்லிச் செய்தது. திறந்து பார்த்தேன். உள்ளே பதினைந்து மரவில்லைகள். கையகலம், மேல்பக்கம் ஒரு ஓட்டை, ஓட்டையில் சணல் கயிறு. ஒவ்வொன்றிலும் ஒரு எண் செதுக்கி, அடியில் இரண்டு வரியில் ஏதோ எழுத்தும் தேதியும் செதுக்கியிருந்தார்கள்.

அலங்காரப் பெண் ஆசையோடு ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக் காட்டினாள். பெயர் பொறித்த பிளாஸ்டிக் பட்டையெல்லாம் அந்தக் காலத்தில் ஏது, அதனால் படத்தைப் பார்த்து இதைச் செய்யச் சொன்னேன் என்றாள். சுவரில் இருந்த புகைப்படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். நடுவில் நிற்கிறவரின் கழுத்தில், மார்புக்கு மேலே, ஒரு கட்டை தொங்கியது. இத்தனை நாள் அதைப் பொத்தான் என்றோ தாயத்து என்றோ நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஜெயிலைப் பார்க்கப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் விலங்குக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். நாடு கடத்தப்பட்டு வந்த கைதியின் கழுத்தில் மாட்டுகிற கட்டை. அவனுடைய எண், என்ன குற்றம், தண்டனை என்று ஆரம்பித்தது, என்று முடியும், எல்லாம் அதில் இருக்கும். தூங்கும்போதும் அது கழுத்திலேயே இருக்கும். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் ஹோட்டல் கிடையாது. ஸ்டீமரில் வந்த அதிகாரியும் அவர் மனைவியும் மர வியாபாரியும் இப்படிப்பட்ட பங்களாக்களில்தான் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்தவன், தண்ணீர் சுமந்தவன், விசிறி இழுத்தவன், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவன் எல்லாரும் பெரும்பாலும் கைதிகள். அவர்கள் உபசரித்தார்கள் என்று சொல்வதே தப்பு. உபசரிக்கிறவனுக்கு முடியாது என்று சொல்ல ஒரு வாசல் இருக்க வேண்டும். இவர்களுக்கு நான்கு பக்கமும் கடல்.

வில்லையைப் பெட்டியில் போட்டுவிட்டு முதலாளியிடம் போனேன். அது என்ன என்று சொன்னேன். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"தெரியும்க்கா. அதுதான் நெஜமான விஷயமே. டூரிஸ்ட்டுங்க இதைப் பத்திக் கேப்பாங்க, நாம கதை சொல்லலாம்."

"யாரு கழுத்துல மாட்டிக்கிட்டு கதை சொல்றது சார்?"

"நம்ம ஆளுங்க ஒண்ணும் கைதி இல்லையே. அப்புறம் என்ன? சினிமாவுல போலீஸ் டிரெஸ் போட்டா போலீஸ் ஆயிடுவாங்களா?"

சினிமாவில் நடிக்கிறவர் படப்பிடிப்பு முடிந்ததும் உடையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவார், எங்களால் எந்த நேரத்திலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாதே என்றேன். அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் விருந்து இருக்கிறது, பன்னிரண்டு முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள், பங்களாவின் திறப்பு விழாவே அதுதான், இந்த நேரத்தில் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். ஞாயிறு காலையில் எல்லோருக்கும் வில்லையை நீங்களே மாட்டிவிடுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இலங்கை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களாவில் மேஜை வேலை பார்த்தவர். பன்னிரண்டு வயதில் உள்ளே போய் இருபத்தெட்டு வயதில் வெளியே வந்தவர். இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கப்பலேற்றப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டார். நான் பிறந்தது அங்கேதான். சுனாமி எங்கள் வீட்டையும் அம்மாவையும் கொண்டுபோனபின் நானும் அவரும் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தோம். ரப்பர் பால் வெட்டுகிற வேலை பங்களா வேலையைவிட எவ்வளவோ மேல் என்பார். காரணம் கேட்டால், மரம் மணி அடிச்சு நம்மளக் கூப்பிடாது என்பார்.

அதனால் அவர் என் பக்கம் நிற்பார் என்று நிச்சயமாக நம்பினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மாட்டிக்கிட்டுப் போ" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"நா பதினாறு வருசம் தொப்பியும் பட்டையும் போட்டேன். தொரைக்குப் பின்னாடி செவுரு மாதிரி நின்னேன். எந் தலை தேஞ்சா போச்சு? ஒனக்கு வேல வேணும். ஒம் மவ மெயின்லாந்துல படிக்கிறா. கட்டைய மாட்டச் சொன்னா மாட்டிக்க. கழுத்து என்ன முறிஞ்சா போவும்?"

"தொப்பி சம்பளத்துக்குப் போட்டது அப்பா. இது தண்டனைக்குப் போட்டது."

"போட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ போட்டுப் பாத்தியா?" என்றார்.  கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதும் தெரிந்தது. சம்பளத்துக்கு நின்றவருக்கும் ஒரு மணியோசை பதினாறு வருடம் தலைக்குள் அடித்திருக்கிறது. ஆனால் அதை வைத்து அவர் போட்ட கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக நானும் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பொறுமையைச் சொத்து மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போனால் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

மறுநாள் வேலைக்காரர்களிடம் பேசினேன். யாரையும் கிளப்பிவிட நினைக்கவில்லை. அது என்ன கட்டை என்று தெரிந்துகொண்டு, பிறகு மாட்டுவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்யட்டும் என்றேன். அறை துடைக்கும் இரண்டு பெண்களும் முடியாது என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஒருத்தி வந்து, வீட்டில் திட்டுகிறார்கள் தீதி, நான் மாட்டிக்கொள்கிறேன் என்று அழுதாள். ராஞ்சிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கள் வம்சத்தில் யாரும் கைதியாக வரவில்லை, கூலியாகத்தான் வந்தோம், அதனால் எனக்கு இதில் ரோஷம் இல்லை என்றார். இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மனிதர். அவரை நான் என்ன சொல்ல முடியும்? சமையல்காரர் மட்டும், தான் அடுப்படியை விட்டு வெளியே வரப்போவதில்லை, அதனால் யாரும் தன் கழுத்தைப் பார்க்கப் போவதில்லை என்று தப்பித்துக்கொண்டார்.

ஆக, நான் தனிதான். ஒரு விதத்தில் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. என்ன செய்தாலும் என் தலையோடு போகும். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. பெட்டி ஸ்டோருக்குள் இருந்தது. வில்லையை யார் கழுத்திலும் மாட்ட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பூட்டி வைத்துவிட்டுச் சாவி தொலைந்தது என்று பொய் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. பொய் சொன்னால் நான் பயந்ததாக ஆகிவிடும். அடுத்த வாரமே வேறு பெட்டி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். மேஜைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, பன்னிரண்டு தட்டுகளை வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இருபுறமும் முள்கரண்டியும் கத்தியும் வைத்தேன். பத்தே முக்காலுக்கு முதலாளி ஜெட்டிப் பக்கம் விருந்தாளிகளை அழைத்துவரப் போனார். போகும்போது வில்லை ஞாபகம் இருக்கட்டும் அக்கா என்றார். ஞாபகம் இருக்கிறது என்றேன். பரிமாறுகிறவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். இன்றைக்கு உங்களுக்கு இல்லை, போய் வேலையைப் பாருங்கள், யாராவது கேட்டால் அந்த அம்மா தரவில்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

பிறகு பெட்டியைத் திறந்து, பன்னிரண்டு வில்லைகளை எடுத்து, பன்னிரண்டு தட்டுகளின் நடுவிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். கயிற்றை அழகாகச் சுற்றி வைத்தேன். லாட்ஜில் சோப்பும் துண்டும் வைத்துப் பழகிய கை. ஒன்றுகூடக் கோணவில்லை.

சமையல்காரர் அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீதி, நௌக்ரி ஜாயேகி" என்றார். வேலை போய்விடும் என்று அர்த்தம்.

"மாலூம் ஹை" என்றேன். தெரியும்.  

விருந்தாளிகள் வந்தார்கள். சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்கள் மூவர், மூன்று அதிகாரிகள் தங்கள் மனைவியரோடு, பயணம் போய்ப் படம் பிடித்து இணையத்தில் போடும் ஒரு பெங்களூர் ஜோடி, பிறகு உள்ளூரிலிருந்து மரியாதைக்கு அழைக்கப்பட்ட ஒரு ரிட்டயர்டு டீச்சர். அந்த டீச்சருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தீவில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். கைதிகளாக வந்து, விடுதலைக்குப் பிறகு இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர். எங்கள் ஊரில் அவர்களை லோக்கல் என்றுதான் சொல்வோம்.

முதலாளி வராந்தாவில் நின்று புகைப்படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டே எல்லோரையும் மேஜைக்கு அழைத்து வந்தார். தட்டுகளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மார்பைப் பார்க்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெங்களூர்க்காரர் வில்லையைக் கையில் எடுத்து, அழகாக இருக்கிறதே என்று சொல்லிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தார். அவர் மனைவி சிரித்தார். ஒரு அதிகாரியின் மனைவி, இது என்ன எண், அறை எண்ணா என்று கேட்டார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். சுவரோரமாக நிற்க வேண்டியவள் மேஜையருகே போய் நின்றேன். ஹிந்தியில்தான் சொன்னேன். சொன்னது இதுதான்:

"இது கைதி நம்பர் அம்மா. இந்த மாதிரி வீட்டுல அந்தக் காலத்துல சோறு பரிமாறினவங்க கழுத்துல இது தொங்குச்சு. இன்னைக்கு எங்க கழுத்துல தொங்கணும்னு சொன்னாங்க. எங்களுக்குப் பதிலா உங்க முன்னாடி வெச்சிருக்கேன். இதை மாட்டிக்கிட்டு ஒரு வாய் சோறு எறங்குதான்னு பாருங்க. எறங்குச்சுன்னா நாங்களும் மாட்டிக்கிறோம்."

 கீழே ஃபெர்ரி ஊதுகிற சத்தம் கேட்டது. பெங்களூர்க்காரரின் கையிலிருந்த போன் அப்படியே நின்றது.

டீச்சர் தன் தட்டிலிருந்த வில்லையை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தருகே கொண்டுபோய் எண்ணைப் படித்தார். பின்புறம் திருப்பிப் பார்த்தார்.

"யே ஹமாரே கர் மே பீ ஹை" என்றார். இது எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் மாமனாருடைய தாத்தாவின் கட்டையாம். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் மாமியார் தகரப்பெட்டியைத் திறந்து, நகையைக் காட்டுவதுபோல அதைக் காட்டினாராம். அந்த மனிதர் இருபத்திரண்டு வயதில் தீவுக்கு வந்து, ஒன்பது வருடம் ஒரு அதிகாரியின் வீட்டில் சாப்பாடு தூக்கினாராம். ஒன்பது வருடமும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். விடுதலையாகி நிலம் வாங்கிக் குடும்பம் நடத்திய பின்பும், வீட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை திரும்ப மாட்டாராம். சொல்லிவிட்டு டீச்சர் முதலாளியைப் பார்த்தார். உங்கள் கட்டையில் தேதி தப்பாக இருக்கிறது, தண்டனை முடிகிற தேதி ஆரம்பிக்கிற தேதிக்கு முன்னால் வருகிறது என்றார். குரலில் கோபம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிற குரல். அதைத்தான் முதலாளியால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

பெங்களூர்க்காரர் வில்லையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் தாம்பாளத்தை நீட்டினேன். அதில் வைத்தார். ஒவ்வொருவராக வைத்தார்கள். டீச்சர் கடைசியாக வைத்தார். அப்போது சூப்போடு வந்து நின்ற ராஞ்சிக்காரரின் கால்களைக் கவனித்துவிட்டு, போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வா, சூப் ஆறினால் பரவாயில்லை என்றார். ராஞ்சிக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எங்கேயும் பார்க்கவில்லை. ராஞ்சிக்காரர் சூப்பை வைத்துவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நடந்துபோய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

விருந்து நடந்தது. நன்றாகவே நடந்தது. மீன் கட்லெட்டை டீச்சர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமையல்காரரை வெளியே வரவழைத்துப் பாராட்டினார்கள். மணியை அன்றைக்கு யாரும் தொடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அண்ணா என்கிற மாதிரி 'பாயி' என்று கூப்பிட்டுக் கேட்டார்கள்.

எல்லோரும் போனபின் முதலாளி என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னேனே சார் என்றேன். விருந்தாளிகளை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கள், வேலையில் இருக்கலாம், வில்லை விஷயத்தை இனி எடுக்க மாட்டேன் என்றார். இப்போது யோசித்தால் அவர் நல்ல பேரம்தான் பேசினார். வேறொருத்தியாக இருந்தால் எழுதியிருப்பாள், அதில் தப்பும் இல்லை. ஆனால் விருந்தாளிகளை நான் அவமானப்படுத்தவில்லை. வில்லை அவர்கள் தட்டில் இருந்தது பத்து நிமிடம். அதையும் அவர்கள் கழுத்தில் நான் மாட்டவில்லை. அவர்கள் மாட்டிப் பார்க்கவும் கழற்றி வைக்கவும் விட்டேன். வேறு யாருக்கு அந்தச் சலுகை கிடைத்தது?

"எதுக்கு மன்னிப்புன்னு ஒரு வரி நீங்க எழுதிக் குடுங்க சார். சரியா இருந்தா கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

பேனாவை எடுத்தார். வெள்ளைத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதவில்லை. நான் ஸ்டோர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெற்றி பெற்றுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வில்லை போயிற்று, தலைப்பாகை போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பங்களாவில் சிவப்புப் பட்டை கட்டித்தான் பரிமாறுகிறார்கள். காலில் துணிச்செருப்பு மட்டும் வந்திருக்கிறது. ராஞ்சிக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். கடைவீதியில் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்திப் பேசுவார். அழுத பெண் என்னிடம் பேசுவதில்லை. என்னால் அவள் மீதும் முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அவளுக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான்.

அப்பா நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், நீ செய்த வேலையை நான் அந்தத் துரை மேஜையில் செய்திருந்தால் குடும்பத்தோடு தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு வெளியே தள்ளியிருப்பார்கள் என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று புரியவில்லை. கேட்டேன். திட்டுகிறேன் என்றார். இன்றைக்கும் அவர் கட்சி மாறவில்லை. நானும் மாறவில்லை. ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் சோறு வேகாமலா போகிறது?

அந்த மழைக்காலம் கஷ்டமாகத்தான் கழிந்தது. பிறகு எங்கள் வீட்டிலேயே முன்பக்கத்து இரண்டு அறைகளை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, தங்க வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தேன். பெயர்ப்பலகை எதுவும் மாட்டவில்லை. பழைய லாட்ஜில் தங்கினவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வருகிறார்கள். கட்டில், கொசுவலை, ஆளுக்கு இரண்டு வாளி. சாப்பாடு நாங்கள் சாப்பிடுகிற அதே சாப்பாடு, நாங்கள் உட்காருகிற அதே பலகையில் உட்கார்ந்து. முதல் மாதம் ஒரு கான்ட்ராக்டர் வந்து தங்கினார். அறைக்குள்ளிருந்தே 'ஏய், டீ' என்று சத்தம் போட்டார். நான் போகவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். அக்கா, டீ கிடைக்குமா என்று கேட்டார். உடனே கிடைத்தது, இஞ்சி தட்டிப் போட்டது. என் வீட்டில் பரிமாறுவது நான். எப்படிப் பரிமாறுவது என்று தீர்மானிப்பதும் நான்தான். இதைத் திமிர் என்கிறவர்கள் ஜங்லிகாட்டில் இருக்கிறார்கள். திமிர்தான். ஐம்பது வயதில் வந்த திமிர், சீக்கிரம் போகாது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் பங்களா முதலாளி போன் செய்தார். இவ்வளவு நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தேன். அறைகள் முன்போல் சுத்தமாக இல்லை, வருகிறவர்கள் குறை சொல்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வர முடியுமா என்று கேட்டார். பழைய விஷயத்தை இருவரும் மறந்துவிடலாம் என்றும் சொன்னார்.

"மறக்க வேண்டாம் சார். நான் மறக்கவும் இல்ல. தலைப்பாகை எடுத்துடுங்க, ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வந்து சொல்லிக்குடுக்கிறேன்."

"தலைப்பாகைதான்க்கா எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க" என்றார்.

"அப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல" என்றேன்.

அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாயாபந்தர் பஸ்ஸில் வந்த மூன்று பேர் ஆட்டோவை விட்டு இறங்கி, ஒரு பெட்டியும் ஒரு கோணி மூட்டையுமாக என் வாசலில் நின்றார்கள். அதில் ஒரு அம்மா கர்ப்பிணி, கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, முதலில் உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.